மிதுனாவுக்காக வெட்டுன குழி

சி பிளாக்குல விருந்தாளிக்குக் காபி குடுத்து உபசரிக்கிற பழக்கமெல்லாம் போய் ஆறு வருஷமாச்சு. குடுப்பாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா அது கணக்கே இல்ல. வந்தவங்க கெளம்புற நேரம் பாத்து வாசல மறிச்சுக்கிட்டு நின்னு, "ஏனுங், அதுக்குள்ள கெளம்பினா எப்படிங்? பாத்ரூம் போயிட்டுப் போங்க"ன்னு கெஞ்சுவாங்க பாருங்க, அதுதான் உபசாரம். வேண்டாம்னு சொல்லிட்டுப் போறவங்கள அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டாங்க.

எல்லாம் தொட்டியால வந்தது. திருப்பூர்ப் பக்கம் கேஸ் சிலிண்டர் வர்றது நின்னதும் ஒரு கம்பெனிக்காரங்க வந்து ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலயும் ஒரு பெரிய எஃகுத் தொட்டிய நட்டாங்க. எண்பத்தி நாலு வீட்டு கக்கூஸ் குழாயும் அதுக்குள்ளதான் போகும். உள்ள ஏதோ லேப்ல வளத்த பூச்சிங்க இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. நம்ம கழிவத் தின்னுட்டு அதுங்க ஒரு மாதிரி சாராயத்தக் கக்கும். அத வடிகட்டி, சுத்தம் பண்ணி, குழாய் வழியா திரும்ப நம்ம அடுப்புக்கே அனுப்புவாங்க. ஸ்கூட்டருக்கும் அதுதான். கம்பெனி நோட்டீஸ்ல அதுக்கு மரியாதையா ஒரு பேர் போட்டிருந்துச்சு. சி பிளாக்குல எல்லாரும் சாராயம்னுதான் சொன்னாங்க. "எங்க ஊட்டுல இன்னிக்கு சாராயம் வரல"ன்னு பெரிய பக்திமான்கள் எல்லாம் மாடியிலிருந்து கத்துவாங்க.

இதே ஆளுங்கதான், செப்டிக் டேங்க் லாரி தெருமுனைல திரும்பினாலே ஜன்னலச் சாத்தினவங்க. இப்ப என்னடான்னா ஸ்கூல் போற புள்ளைங்ககிட்ட "அடக்கிக்கிட்டு ஊட்டுக்கு வந்து போ, அங்க போய் தானம் பண்ணாத"ன்னு சொல்லி அனுப்புறாங்க. புருஷன் ஆபீஸ்ல போயிட்டு வந்துட்டான்னு ஒரு வாரம் பேசாம இருந்த பொண்டாட்டி உண்டு. ஆயுத பூஜைக்குத் தொட்டிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்கா ஒடைப்பாங்க. ஆனா அந்தத் தொட்டியப் பாத்துக்குற ஜெசிந்தாவுக்குத் தண்ணி குடுக்கணும்னா மட்டும் பேப்பர் கப்பத் தேடுவாங்க. அவங்க கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவங்க, தூத்துக்குடிக்காரங்க. அதெல்லாம் பரவால்ல, தொட்டிக்காரி தொட்டிக்காரிதான்.

மூணாவது மாடி மிதுனாவுக்குப் பதினேழு வயசு. ஒரு காலத்துல இதையெல்லாம் பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சவ அவதான். மூணு மாசமா சிரிக்கல.

அவளுக்கு டிபி. தொடர்ந்து இருமல், சாயங்காலம் காய்ச்சல், எட்டு கிலோ எளச்சுப் போனா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஆறு மாசத்துக்கு மாத்திரை குடுத்தாங்க. "மூணே வாரத்துல யாருக்கும் ஒட்டாது, பயப்படாத. ஆனா ஒரு நாள் விடாத. விட்டா நோய்க்கு மாத்திரை பழகிப் போயிரும், அப்புறம் எந்த மாத்திரைக்கும் அடங்காது"ன்னு நர்ஸ் சொன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க: "யூரின் ஆரஞ்சுக் கலர்ல போகும், அது சாதாரணம்." ஆஸ்பத்திரில சாதாரணம். சி பிளாக்குல இல்ல.

ஏன்னா பூச்சிக்கு ஒரே எதிரி மருந்துதான். நம்ம ஒடம்புல கிருமியக் கொல்லுற மாத்திரை கழிவோட போய்த் தொட்டிப் பூச்சியவும் கொல்லும். அதனால அசோசியேஷன்ல ஒரு சட்டம். அந்த மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்க தலைவர்கிட்ட சொல்லிட்டு, வாசல்ல சிவப்பு ரிப்பன் கட்டிட்டு, முடியற வரைக்கும் கக்கூஸுக்கு வேற எங்கயாவது போகணும். மொத வருஷம் ரெண்டாவது மாடி கண்ணுச்சாமி பல்லுவலிக்கு மாத்திரை எடுத்துட்டு நேர்மையா ரிப்பன் கட்டினாரு. அந்த வாரம் பாத்து அவர் பொண்ணப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. ரிப்பனப் பாத்துட்டு, படியேறாம, பாத்ரூமும் போகாம திரும்பிட்டாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருஷமா சி பிளாக்குல ஒருத்தரும் ரிப்பன் கட்டல. ஒரு காய்ச்சல் கெடையாது, ஒரு சளி கெடையாது. அவ்வளவு ஆரோக்கியமான பிளாக்.

மிதுனா பள்ளிக்கூடத்துலயே எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டா. ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு பிளாஸ்டிக் கேன்ல. அத அவ அம்மா கோகிலா, டிபன் பைக்கு அடியில வச்சு பனியன் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போய் அங்க கொட்டுவா. பெத்த புள்ளையோட மூத்தரத்தக் கடத்திக்கிட்டு, வாட்ச்மேன்கிட்ட சிரிச்சுக்கிட்டே உள்ள போற தாய். அப்படி ஒரு வாழ்க்கை.

அப்புறம் பரீட்சை லீவு விட்டாங்க. கோகிலாவுக்கு அந்த நேரம் பாத்து டபுள் ஷிப்ட். கேன் நெறஞ்சா எங்க வைக்கிறது? மிதுனா கதவச் சாத்திக்கிட்டு வீட்டுக் கக்கூஸ்லயே போக ஆரம்பிச்சா. ஒவ்வொரு தடவையும் ஆரஞ்சுத் தண்ணி சுத்திக்கிட்டு உள்ள எறங்குறதப் பாத்துக்கிட்டு நிப்பா. எட்டாவது நாள் அடுப்புல நெருப்பு சுருங்குச்சு.

"தோசை வேகமாட்டேங்குது"ன்னா கோகிலா. கரண்டியால அடுப்ப ஒரு தட்டுத் தட்டினா. "எல்லா ஊட்டுலயும் இப்படித்தானாமா. பூச்சி சாவுதாம்."

மிதுனா அடுப்புக்கிட்ட வந்தா. "அம்மா, நான்தான்."

"வாய மூடு."

"லீவு விட்டதுல இருந்து இங்கதான் போறேன். நான்தாம்மா கொன்னுட்டேன்."

"நீ எங்க போனேன்னு எவ வந்து பாத்தா? சத்தமாப் பேசாத. அந்தப் பக்கம் செவுரு இல்ல, காது." கோகிலா வேகாத தோசையத் திருப்பிப் போட்டா. "தெரிஞ்சா ஊட்டக் காலி பண்ணுன்னுவானுங்க. டிபின்னு தெரிஞ்ச புள்ளையோட எந்த பிளாக்குல எடம் கெடைக்கும்? சொல்லு."

மறுநாள் காலைல மிதுனா மாத்திரைய ஒறையிலிருந்து எடுத்தா, கையில வச்சுப் பாத்தா, ஜன்னல் வழியா வீசிட்டா. அதுக்கு மறுநாளும். மூணாவது நாள் தண்ணி வெள்ளையாப் போச்சு. ஆனா நெருப்பு ஏறல. இருமல்தான் ஏறுச்சு. இல்ல, ஏறின மாதிரி தோணுச்சு. பயத்துல எது இருமல், எது பயம்னே தெரியல.

அன்னிக்கு சாயங்காலம் சென்னியப்பன் மீட்டிங் போட்டாரு. அசோசியேஷன் தலைவர். முன்ன ஒரு சாயப்பட்டறையில மேனேஜரா இருந்து, கலர் கலராத் தண்ணிய ஆத்துல விட்டு ரிட்டயரானவரு. இப்ப சுத்தத்தப் பத்தி அவரு அளவுக்கு யாராலயும் பேச முடியாது.

"நம்ம பூச்சி நம்ம கொழந்தைங்க மாதிரி. அதுங்களுக்கு யாரோ விஷம் வைக்கிறாங்க"ன்னு மைக்கப் புடிச்சாரு. "நான் யாரையும் சந்தேகப்படல. அதனால எல்லாரையும் சோதிக்கப் போறோம். எவர்சில்வர் டம்ளர்ல ஆளுக்கு ஒண்ணு. ஊட்டு நம்பர் எழுதிக் கொண்டாந்து இந்த மேசையில வையுங்க. கலர் மாறியிருந்தா அவிங்கதான். இனி வாராவாரம் ஞாயித்துக்கெழம இதே மாதிரிதான்."

தொட்டிக்குப் பக்கத்துல நின்ன ஜெசிந்தா கைய தூக்கினாங்க. "சார், எல்லா மருந்தும் கலர் காட்டாது சார். தொட்டி மீட்டர்ல ஏழு வகை மருந்து தெரியுது. இது ஒரு ஆளு வேலை இல்ல."

"ஏம்மா, ஒரே ஆளு ஏழு மாத்திரை சாப்பிட மாட்டானா?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. ஜெசிந்தா கைய எறக்கிட்டாங்க.

அப்புறம் நடந்ததப் பாக்கணுமே. எண்பத்தி நாலு குடும்பம். கல்யாண வீட்டுப் பந்தியில பாயசம் வச்ச மாதிரி மேசை பூரா டம்ளர். அதுல பாதி கல்யாணத் தாம்பூலப் பையில வந்த டம்ளர், மணமக்கள் பேர் பொறிச்சது. சென்னியப்பன் டார்ச்சடிச்சு ஒவ்வொண்ணாக் குனிஞ்சு பாத்துக்கிட்டே போனாரு. மிதுனாவோட டம்ளரத் தாண்டிப் போனாரு. நிக்கக்கூட இல்ல. கோகிலா மகளோட மணிக்கட்ட நசுக்கிப் புடிச்சிருந்தா.

ஒரு டம்ளர்கிட்ட டார்ச் நின்னுச்சு. இளஞ்செவப்பு. தரைத்தளம், பிஜய்.

பிஜய் ஒடிசாக்காரன். பனியன் கம்பெனியில கட்டிங். பதினோரு வருஷமா திருப்பூர், பொண்டாட்டி மாமினி, ஆறு மாசக் கைக்கொழந்தை. "அண்ணா, பீட்ரூட் அண்ணா. நேத்து பீட்ரூட் பொரியல். எனக்குச் சின்ன வயசுலருந்து அப்படித்தான் போகும்"ன்னான். நல்ல தமிழ்லதான் சொன்னான். அஞ்சு தடவ சொன்னான்.

"வடக்கத்தியானுக்கு எடம் குடுத்தா இப்படித்தான்."

"அவனுங்க என்னென்ன திம்பானுங்களோ."

"நமக்கெல்லாம் பீட்ரூட் தின்னா இப்படியா போகுது? என்ன கதை வுடறான் பாருங்க."

ஞாயித்துக்கெழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்னு தீர்மானம். எல்லாரும் கை தட்டிட்டு அவங்கவங்க டம்ளர எடுத்துக்கிட்டுக் கெளம்பினாங்க. மாமினி கொழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு, யார் மொகத்தப் பாத்துப் பேசறதுன்னு தெரியாம ஒவ்வொரு மொகமாப் பாத்துக்கிட்டு நின்னா. எல்லா மொகமும் டம்ளரப் பாத்துக்கிட்டிருந்துச்சு, சிந்திடக் கூடாதேன்னு.

மறுநாள் மிதுனா தொட்டிக்குப் பின்னால இருக்குற மீட்டர் ரூமுக்குப் போனா. ஜெசிந்தா ஸ்டூல்ல உக்காந்து பன்னும் டீயுமா இருந்தாங்க.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஒரே ஒரு ஆளு டிபி மாத்திரை சாப்பிட்டா தொட்டி செத்துருமா?"

ஜெசிந்தா பன்ன மெல்லுறத நிறுத்தல. ஸ்கிரீன்ல ஏதோ ஒரு கோட்டத் தொட்டுக் காட்டினாங்க. "இது டிபி மாத்திரை. எட்டு நாள் இருந்துச்சு. மூணு நாளாக் காணோம்." அப்பத்தான் திரும்பிப் பாத்தாங்க. டீய கீழ வச்சுட்டாங்க. "ஏட்டி. நிறுத்திட்டியா?"

மிதுனா அழுதுட்டா.

"லூசு. சுத்த லூசு நீ. இங்க வா, இதப் பாரு. உன் மாத்திரை இந்தத் தொட்டியில சாம்பாருக்குப் போட்ட பெருங்காயம் அளவு. ஒரு ஆளு மாத்திரையில சாகுற பூச்சிய வச்சு எந்தக் கம்பெனிக்காரனாவது தொழில் பண்ணுவானா? நீ நிறுத்தி மூணு நாளாச்சே, நெருப்பு ஏறுச்சா? இந்தா, இது காய்ச்சல் மாத்திரை. இது தொண்டைக்கு. இது வயித்துக்கு. இது சர்க்கரைப் புண்ணுக்கு ஊசி போடுறது. மழை விட்டதுல இருந்து பாதி பிளாக் மருந்துக்கடையில வாங்கி முழுங்கிட்டு, ஒரு ஊட்டு மாத்திரையில என்ன ஆயிரப் போகுதுன்னு தண்ணிய ஊத்தி விட்டுருக்கு. ஒவ்வொரு பயலும் தான் ஒருத்தன் மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டிருக்கான்."

"எந்தெந்த வீடுன்னு தெரியுமா அக்கா?"

"தெரியாது. எல்லாம் கலந்துதான வருது."

"அப்ப சொல்லுங்கக்கா! பிஜய் அண்ணா இல்லன்னு சொல்லுங்க!"

"சொன்னேனே. நீயும் இருந்தியே. சிரிச்சானுவளே." ஜெசிந்தா குரல் எறங்கிப் போச்சு. "இதுக்கு மேல குடியிருக்கவங்களக் குத்தம் சொன்னேன்னு புகார் போச்சுன்னா எனக்கு வேலை இல்ல, மிதுனா. ஊர்ல என் தம்பி படிப்பு என் தலையில. எனக்கு தைரியம் கெடையாதுட்டி. நீ மாத்திரையப் போடு. அது ஒண்ணுதான் நான் சொல்லுவேன். இன்னிக்கே போடு."

மிதுனா படியேறி வந்தா. யோசிச்சுப் பாத்தா. மாத்திரைய முழுங்கினா ஞாயித்துக்கெழம டம்ளர் ஆரஞ்சாயிரும். முழுங்கலேன்னா இன்னும் மூணு மாசத்துல அவளே இருக்க மாட்டா. பிஜய் போனாலும் நெருப்பு ஏறாது. அடுத்த ஞாயிறு வேற யாராவது பீட்ரூட் தின்னிருப்பாங்க. மாத்திரையப் பிரிச்சு, அடுப்படியில அம்மா பாக்க முழுங்கினா.

ஞாயித்துக்கெழம காலைல பிஜய் வீட்டுச் சாமான் வாசலுக்கு வந்துருச்சு. ரெண்டு பெட்டி, ஒரு மின்விசிறி, கொழந்தைத் தொட்டில் துணி. சென்னியப்பன் மேற்பார்வை பாத்துக்கிட்டிருந்தாரு. அவர் சம்சாரம் ருக்மணி, பாவம்னு சொல்லிக்கிட்டே, பிஜய் வீட்டுத் துளசிச் செடியத் தன் பக்கம் நகத்தி வச்சுக்கிட்டாங்க. மிதுனா ஒரு எவர்சில்வர் டம்ளரத் தூக்கிக்கிட்டு எறங்கி வந்தா. படி பூரா கோகிலா பின்னாலயே "வேண்டாம் சாமி, வேண்டாம் சாமி"ன்னு வந்தா.

டம்ளர மேசையில வச்சா. ஃபேன்டா கூல்டிரிங்க் மாதிரி இருந்துச்சு.

"எனக்கு டிபி. மூணு மாசமா மாத்திரை சாப்பிடறேன். பிஜய் அண்ணா பீட்ரூட்தான் சாப்பிட்டாரு. அவரப் போகச் சொல்லாதீங்க."

எல்லாரும் ஒரு அடி பின்னால போனாங்க. ஆனா அவங்க மொகத்துல மிதுனா பாத்தது கோவம் இல்ல. அதப் பாக்கத்தான் அவளுக்குப் பயமா இருந்துச்சு. அது நிம்மதி. பரீட்சையில பக்கத்து பெஞ்சுக்காரன் மாட்டிக்கிட்டா வருமே, அந்த மாதிரி.

"அப்ப அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லப்பா"ன்னாரு சென்னியப்பன், பிஜயப் பாத்து.

பிஜய் மின்விசிறிய உள்ள தூக்கிட்டுப் போனான். துளசி திரும்பி வரல.

மிதுனாவ வெளிய தொரத்துவாங்கன்னு கோகிலா துணியெல்லாம் மூட்டை கட்டிட்டா. தொரத்தல. அதவிட நாசூக்கா நடந்துக்கிட்டாங்க. "சின்னப் புள்ள. நாம மனுசத்தன்மையோட இருக்கோணும்"னு சென்னியப்பன் மைக்ல சொன்னாரு. தொட்டிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல, குழாய்ல சேராத மாதிரி தனியா ஒரு கக்கூஸ். தகரக் கதவு. வாசல்ல சிவப்பு ரிப்பன். கொத்தனார் வந்து, ஒரு ஆளு, மூணு மாசம்னு விரல மடக்கிக் குழி வெட்டினாரு. "அஞ்சு மாசம் தாங்கும்ங்"ன்னாரு.

மூணு மாடி எறங்கி, எண்பத்தி நாலு ஜன்னல் பாக்க, ஒரு பக்கெட்டத் தூக்கிக்கிட்டு மிதுனா நடப்பா. சின்னப் பசங்க வெளையாட்ட நிறுத்திட்டு ஒதுங்குவாங்க. ஒரு பொடியன் "ஆரஞ்சு அக்கா"ன்னு கத்திட்டு ஓடினான். அவ மொத வாரம் தலை குனிஞ்சு போனா. ரெண்டாவது வாரம் பழகிருச்சு. மாத்திரை மட்டும் ஒரு நாளும் விடல. இருமல் நின்னுச்சு. பசிக்க ஆரம்பிச்சுது.

அப்பத்தான் அது நடந்துச்சு. நெருப்பு ஏறுச்சு. அஞ்சாவது நாள் கொஞ்சம். எட்டாவது நாள் நல்லா. பத்தாவது நாள் அடுப்பு நீலமா, சர்ருன்னு எரிஞ்சுது. மாடி மாடியா தோசை சுடுற சத்தம்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? அந்தப் புள்ளதான்."

"ஒத்தப் புள்ள எண்பத்தி நாலு குடும்பத்தப் பட்டினி போட்டிருச்சே."

"இனிமே அது வாழ்க்கைக்கும் வெளியவே போறதுதாங்க நல்லது."

மிதுனாவுக்கு ஒண்ணுமே புரியல. ஜெசிந்தாக்கா பொய் சொன்னாங்களா? பெருங்காயம்னாங்களே. நெசமாவே எல்லாத்துக்கும் காரணம் நான்தானா? அன்னிக்குப் பூரா சோறு எறங்கல. கோகிலா, "விடு சாமி, எல்லாம் முடிஞ்சுதுல்ல"ன்னு தலையக் கோதிவிட்டா. அம்மாவும் அத நம்பிட்டான்னு அந்தக் கோதல்லயே தெரிஞ்சுது.

பன்னெண்டாவது நாள் வெளிக் கக்கூஸ்ல தண்ணி எறங்கல. ஜெசிந்தாவும் கொத்தனாரும் வந்து குழி மேல இருந்த பலகைக்கல்ல நெம்பித் தூக்கினாங்க. ஜெசிந்தா எட்டிப் பாத்தாங்க. துப்பட்டாவால மூக்கப் பொத்திக்கிட்டு மறுபடி பாத்தாங்க. அப்புறம் மிதுனா பக்கம் திரும்பினாங்க.

"அஞ்சு மாசத்துக்கு வெட்டுன குழி. பன்னெண்டு நாள்ல விளிம்பு வரைக்கும் நெறஞ்சிருக்கு. ஏட்டி, நீ மனுஷியா யானையா?"

மிதுனா குழியப் பாத்தா. தகரக் கதவப் பாத்தா. அவ வைக்காத ஒரு சந்தன சோப்பு, அவ வைக்காத ஒரு நல்ல தண்ணி மக்கு, புதுசா ஒரு செருப்புத் தடம், இன்னொண்ணு, இன்னொண்ணு. அண்ணாந்து எண்பத்தி நாலு ஜன்னலப் பாத்தா. எல்லா ஜன்னல்லயும் திரைச்சீலை அப்பத்தான் விழுந்த மாதிரி ஆடுச்சு.

"மீட்டர்ல ஏழு கோடும் கீழ எறங்கிருச்சு"ன்னாங்க ஜெசிந்தா மெதுவா. "யாரு வந்துட்டுப் போறான்னு யாருக்கும் தெரியாதுல்ல. ரிப்பன் உன் பேர்லதான கட்டியிருக்கு."

அன்னிக்கு சாயங்காலமே அவசர மீட்டிங். ஒரே ஒரு விஷயம்: மிதுனாவோட கஷ்டத்த மனசுல வச்சு, வெளிக் கக்கூஸுக்கு இன்னொரு குழி. ஒரு புள்ளைக்கு எதுக்கு ரெண்டு குழின்னு ஒருத்தரும் கேக்கல. சென்னியப்பன், ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னாரு. சி பிளாக் ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு தீர்மானத்துக்கு அத்தன கை ஒண்ணா எழுந்தது கெடையாது. பிஜயும் தூக்கினான். கோகிலா தூக்கல, அவ சுத்தி நின்ன மொகத்தையெல்லாம் ஒண்ணொண்ணா, மொத தடவையாப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டிருந்தா.

"சைஸு போன தடவ மாதிரியேங்களா?"ன்னாரு கொத்தனார், டேப்ப நீட்டிக்கிட்டு.

கூட்டத்துல இருந்து ருக்மணியக்கா குரல் குடுத்தாங்க. குரல்ல அவ்வளவு பாசம்.

"கொஞ்சம் ஆழமாவே வெட்டுங்க. பாவம், வளர்ற புள்ள."